இருநூத்தி அம்பத்தாறு கட்டம்

அந்த ஃபேனுக்குக் கீழ ஒக்காராதீங்க அண்ணாச்சி, அது சுத்தாது. காலையில இருந்து சுவிட்சைத் தட்டித் தட்டி எனக்கு விரல் வலிச்சதுதான் மிச்சம். இங்கிட்டு வாங்க, பெஞ்சில எடம் இருக்கு. உங்களுக்கு எத்தன மணினு போட்டுருக்கு? பன்னெண்டா? அப்ப ரெண்டு மணி ஆயிரும், சாப்பாட்ட மறந்துருங்க. எனக்குப் பதினொண்ணுனு நோட்டீசு. இப்ப மணி என்ன? பதினொண்ணே முக்கால். லேபர் ஆபீசர் இன்னும் முந்துன கேஸையே விடல.

நான் கேஸ் போட வரல. நான் மில்லு தரப்புச் சாட்சி. பேரு அழகர்ராஜ், டைம் ஆபீஸ். யாரு வந்தா, யாரு வரல, எத்தன நாள் வந்தா, எல்லாம் என் கையிலதான். முப்பத்தோரு வருசம். முப்பத்தோரு வருசத்துல எண்ணிக்கை தப்புனு ஒரு பய என்னைய ஒரு வார்த்த சொன்னது கெடையாது. கேட்டுக்கோங்க, ஒரு பய.

அந்தக் கடைசில, தூணுகிட்ட, பச்சைச் சேலை கட்டி ஒரு பொம்பள ஒக்காந்திருக்கால்ல? திரும்பாதீங்க, மெதுவாப் பாருங்க. அவதான் சொன்னா. வேலுத்தாயி. எங்க மில்லுல நூலு சுத்துற கோன் வைண்டிங்ல கேசுவலா இருந்தா. "டைம் ஆபீஸ் அண்ணன் என் நாளத் தப்பா எண்ணிட்டாரு"னு மனு எழுதி இங்க குடுத்திருக்கா. இன்னைக்குக் காலையில நான் படியேறி வர்றேன், எந்திரிச்சு நின்னு, "அண்ணே, சாப்ட்டீங்களா?"ங்கிறா. எம்மேலயே மனுவக் குடுத்துட்டு, எங்கிட்டயே சாப்ட்டீங்களாவாம்! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு விறுவிறுனு வந்து இங்க ஒக்காந்துட்டேன்.

உங்களுக்கு வெவரம் புரியணும்ல. கேசுவல்னா நெரந்தரம் இல்லாத ஆளு. காலையில ஏழு மணிக்கு கேட்டுல வந்து நிப்பாங்க, நான் பேரு கூப்பிட்டா உள்ள, கூப்பிடலைனா வீட்டுக்கு. ரெண்டு வருசத்துல நானூத்தி எம்பது நாள் வேலை பாத்துட்டா நெரந்தரம் பண்ணணும்னு சட்டம் இருக்கு. நெரந்தரம் ஆயிட்டா கேட்டுல நிப்பாட்டி, போயிட்டு நாளைக்கு வானு யாரும் சொல்ல முடியாது. அவ்வளவுதான் விசயம். அந்த நானூத்தி எம்பது அவளுக்கு வந்துச்சா, வரலையா. நான் வரலைங்கிறேன். அவ வந்துச்சுங்கிறா.

இதுக்கெல்லாம் யாரு காரணம் தெரியுமா? கம்ப்யூட்டருதான். கம்ப்யூட்டருனு கூடச் சொல்லக் கூடாது, எக்செலு. எக்செலுனு கூடச் சொல்லக் கூடாது, ரெண்டு எக்செலு. ஒரே பொட்டியில ரெண்டு! எந்தக் கூறுகெட்டவனாவது அப்பிடி வைப்பானா?

எங்கிட்ட இருந்தது ரெண்டாயிரத்து மூணு மாடல். தங்கமான எக்செலு. ஷிப்ட் சார்ட்டு அதுல ஒரு பட்டன அமுக்குனா மொத்தமாப் பிரிஞ்சு வந்துரும். அப்ப இருந்த ஒருத்தரு எழுதிக் குடுத்த புரோகிராம் அது. பதினஞ்சு வருசம் ஓடுச்சு. அப்புறம் எச்.ஆருக்கு ஷெரின்னு ஒரு மேடம் வந்துச்சு, நாகர்கோயில் பக்கம். வந்த மூணாவது நாளே, "சார், இது ரொம்பப் பழசு, மாத்திரலாம்"னுச்சு. மதுரையில இருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தான். புதுசப் போட்டான், பதினாறு மாடலு. என் ஷிப்ட் சார்ட்டு பட்டன அமுக்குறேன், அசையவே இல்ல. நான் விடுவேனா? ஆபீசே அதிர்ற மாதிரி கத்துனேன். அவன் பயந்துட்டான். "சரி சார், பழசும் இருக்கட்டும், புதுசும் இருக்கட்டும்"னு ரெண்டையும் போட்டுட்டு மத்தியான பஸ்ஸுக்கே கெளம்பிட்டான்.

அன்னைக்குப் புடிச்சது சனி. ஒரு ஃபைல ரெண்டு தட்டு தட்டுனா எது தொறக்கும்னு யாருக்கும் தெரியாது. பழசுல தொறக்கணும்னு நெனச்சா புதுசு வந்து நிக்கும். புதுசத் தொறந்துட்டுப் பழசுக்கு வந்தா, ஒரு பச்சைக் கோடு ஓடும் பாருங்க, இந்தா முடிஞ்சுச்சு, இந்தா முடிஞ்சுச்சுனு அஞ்சு நிமிசம். கேட்டுல ஷிப்டு ஆளு எம்பது பேரு நிக்கிறான், உள்ள சங்கு ஊதிட்டாங்க, இங்க கோடு ஓடிக்கிட்டிருக்கு! நான் போன்ல மதுரைக்காரன்கிட்ட கத்துறேன், அவன் "ரிப்பேர் குடுங்க சார், ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்"ங்கிறான். ஒரு நாள் அந்த மவுச சுவத்துல எறிஞ்சேன். பெறகு நானே காசு குடுத்து வேற வாங்கிப் போட்டேன், அத விடுங்க.

சரி, கதைக்கு வாரேன். போன ஜனவரியில மேனேஜரு, கேசுவல் ஆளுக நாப்பத்தாறு பேருக்கும் ரெண்டு வருசத்து நாள் கணக்கு வேணும்னாரு. ஷெரின் மேடம் புது எக்செலுல ஒரு ஃபைலு போட்டுச்சு. மேல வரிசையா தேதி, ஒவ்வொரு நாளைக்கும் ஒரு கட்டம், கீழ ஆளுக பேரு. வந்தா பி, வரலைனா ஏ. ரெண்டு வருசத்து ரிஜிஸ்டரையும் பக்கத்துல வச்சுக்கிட்டு மூணு வாரமா ஒவ்வொண்ணாத் தட்டுச்சு. போட்டு முடிச்சுது, போச்சு. எங்க போச்சா? பிரசவத்துக்கு. எட்டாம் மாசம் வரைக்கும் வேலை பாத்துச்சு பாவம், அதச் சொல்லணும். போகும்போது, "சார், ஃபைலு உங்க கம்ப்யூட்டர்ல இருக்கு, மொத்தம் நாலாவது கட்டத்துல வந்துரும், அப்பிடியே பிரிண்ட் எடுத்துக் குடுத்துருங்க"னு சொல்லிட்டுப் போச்சு.

நான் தொறக்குறேன். எதுல தொறக்கும்? பழசுல தொறந்துச்சு! உள்ள பூராம் பூச்சி பூச்சியா எழுத்து. எனக்கு எப்பிடி இருக்கும்? மேனேஜரு ரெண்டு தடவ ஆள் அனுப்பிட்டாரு. அப்புறம் புதுசுல தொறந்தேன், நல்லா இருந்துச்சு. சரி, இனிமே இந்த ரோதனையே வேண்டாம், ஒரு முடிவு கட்டிருவோம்னு, அதயே பழைய மாடலுக்கு மாத்தி சேவ் பண்ணுனேன். அப்பிடிப் பண்ணா எதுல தொறந்தாலும் தொறக்கும். யாரு சொல்லிக் குடுத்தா? யாரும் சொல்லல. நானாக் கண்டுபிடிச்சேன்.

அப்ப ஒரு பெட்டி வந்துச்சு. இங்கிலீசுல பத்து வரி. இந்தக் கம்ப்யூட்டருக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு பெட்டி போட்டாகணும், ஆமாவா இல்லையா, உண்டா கெடையாதானு. எவன் படிப்பான்? கீழ தொடரலாம்னு ஒரு பட்டன் இருந்துச்சு. தொடர்றதுக்குத்தான ஒக்காந்திருக்கோம். அமுக்குனேன், முடிஞ்சுச்சு.

முடிஞ்சுச்சுனு நெனச்சேன். மொத்தம் வர்ற கட்டத்துல பாத்தா நாப்பத்தாறு பேருக்கும் நம்பரு இல்ல, ஏதோ வேலி மாதிரி ஒரு குறி, ரெஃப்புனு மூணெழுத்து, ஒரு ஆச்சரியக்குறி. பாத்தீங்களா, இதுதான் புதுசோட லட்சணம்! மூணு வாரம் ஒக்காந்து போட்ட ஃபார்முலா பழசுக்கு வந்ததும் பல்லக் காட்டிருச்சு. நான் சும்மா விடல. மொத ஆளோட கட்டத்துல அத அழிச்சேன். நானே ஃபார்முலா போட்டேன், பி எத்தனனு எண்ணுறதுக்கு. மொத நாளு கட்டத்துல ஆரம்பிச்சு, வலது பக்கம் கடைசி வரைக்கும் இழுத்தேன். கடைசினா கடைசி, அதுக்கு மேல போக எடமே இல்ல, சீட்டே முடிஞ்சு போச்சு. அப்பிடியே நாப்பத்தாறு பேருக்கும் இறக்கி விட்டேன். படபடனு நம்பரு வந்து விழுந்துச்சு. அன்னைக்கு எனக்கிருந்த சந்தோசம் இருக்கே, கேண்டீன்ல போயி ஸ்ட்ராங்கா ஒரு டீ சொல்லிக் குடிச்சேன்.

ஒரே பேருல ரெண்டு ஃபைலு கெடந்தா நாளைக்கு மறுபடி சண்டை வரும்ல? புதுச அழிச்சுட்டேன். குப்பைத் தொட்டியிலயும் போயி அழிச்சேன். முதல் நாலு கட்டத்த மட்டும் பிரிண்ட் எடுத்தேன், டோக்கன் நம்பரு, பேரு, செக்சன், மொத்தம். அத்தன நாளையும் எடுக்கத் தாளு யாரு தருவா? கீழ நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்.

மேனேஜரு பாத்தாரு. ஒருத்தருக்குக் கூட நானூத்தி எம்பது இல்ல. இருநூத்திப் பத்தத் தாண்டுன ஆளே இல்ல. மொகத்துல அப்பிடி ஒரு வெளிச்சம். "அழகர்ராஜ், நல்லா வேலை பாத்திருக்கீங்க"னு எந்திரிச்சு கை குடுத்தாரு. முப்பத்தோரு வருசத்துல அதுதான் முதல் தடவ.

அந்தச் சீட்ட நோட்டீசு போர்டுல ஒட்டுனாங்க. மத்த நாப்பத்தஞ்சு பேரும் பாத்துட்டு, தலையச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாங்க. இவ மட்டும் நேரா என் சன்னலுக்கு வந்துட்டா. "அண்ணே, எனக்கு நூத்தித் தொண்ணூத்தெட்டுனு போட்டுருக்கே, நான் ஐநூறத் தாண்டி வந்திருக்கேன். வீட்டுக் காலண்டர்ல வட்டம் போட்டு வச்சிருக்கேன்"கிறா. நான் சொன்னேன், "தாயி, உன் காலண்டர்ல பால் பாக்கெட்டுக்கும் வட்டம் இருக்கும், கரண்டு நின்ன நாளுக்கும் வட்டம் இருக்கும். கம்ப்யூட்டர் எண்ணிருக்கு. ஃபார்முலா போட்டது நானு. போ." அவ போகல. "இன்னொரு தடவ எண்ணிப் பாருங்கண்ணே, கோவிச்சுக்கிடாதீங்க"னு நிக்கிறா. பின்னாடி அத்தன பேரு பாக்குறாங்க. எனக்கு மானம் போச்சு. சன்னலப் படார்னு சாத்திட்டேன்.

என்னமோ தெனமும் பாக்குற மொகமாத்தான் இருந்துச்சு, அது எனக்கும் தோணுச்சு. காய்ச்சலோட, தலையில துண்டக் கட்டிக்கிட்டு வந்து நின்னதக் கூட நான் பாத்திருக்கேன். ஆனா தோணுறத வச்சுக் கையெழுத்துப் போட முடியுமா, சொல்லுங்க?

மனு குடுத்த மறுநாள்ல இருந்து அவ பேரக் கூப்பிட வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாரு. நான் கூப்பிடல. ஒரு வாரம் வந்து கேட்டுல நின்னா, நின்னு பாத்துட்டுப் போயிருவா. அதுக்கப்புறம் வரல. நாலு மாசமாச்சு. சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஒட்டப் போறாள்னு கேள்வி. அவ வீட்டுக்காரன் எப்பவோ விட்டுட்டுப் போயிட்டான், ரெண்டு பிள்ளைக. அதுக்கு நான் என்ன பண்ண? நானா மனு குடுக்கச் சொன்னேன்?

இடையில ஷெரின் மேடம் ஊருல இருந்து போன் போட்டுச்சு. கைப்பிள்ளை அழுற சத்தம் கேக்குது. "சார், யாருக்குமே நானூத்தி எம்பது வரலையாமே, அந்த ஃபைல பழைய மாடல்ல சேவ் பண்ணிட்டீங்களா? தயவுசெஞ்சு புதுசுலயே வச்சிருங்க சார், பழசுல..."னு ஆரம்பிச்சுச்சு. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "மேடம், உங்க ஃபார்முலா பல்ல இளிச்சதே, அத நான்தான் சரி பண்ணுனேன், நீங்க பிள்ளையப் பாருங்க"னு வச்சுட்டேன். அப்புறம் ரெண்டு தடவ அடிச்சுச்சு, எடுக்கல.

இன்னைக்கு மில்லு வக்கீலு காலையிலயே உள்ள போயி ஒக்காந்துட்டாரு. எங்கிட்டச் சொன்னாரு, "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், சீட்டுல உள்ளது சரி, கையெழுத்து என்னுதுனு ரெண்டே வார்த்த." ரெண்டு வார்த்தயா? நான் விட மாட்டேன் அண்ணாச்சி. அவ வாய அடைக்கிறதுக்கு நான் என்ன கொண்டாந்திருக்கேன் பாருங்க. இந்தா. என் சொந்த நோட்டு. ரிஜிஸ்டரு ரெண்டு மாசம் முந்தி ரூமுக்குள்ள மழத்தண்ணி எறங்கி வீணாப் போச்சு, இது எங்கிட்டயே இருக்கு. காலையில கேட்டுல பேரு கூப்பிடுறப்பவே இதுல டிக் அடிச்சுருவேன். நாளைக்கு ஒரு பேச்சு வந்தா நம்மகிட்ட எழுத்து இருக்கணும், நான் எவனையும் நம்புற ஆளு இல்ல. மாசக் கடைசியில ஒவ்வொரு பேருக்கும் ஓரத்துல கூட்டி எழுதிருவேன். இத அவ மூஞ்சிக்கு நேரா விரிச்சு, "பாரு, நூத்தித் தொண்ணூத்தெட்டு"னு காட்டப் போறேன்.

கூட்டிப் பாத்துட்டேனாவா? எதுக்குக் கூட்டணும்? கம்ப்யூட்டர்தான் கூட்டிருச்சே. சரி, நீங்க ஆசப்படுறீங்க, நேரமும் போகணும். வாங்க, கூட்டிருவோம். இந்தா, மொத வருசம் ஜனவரி. வேலுத்தாயி, வேலுத்தாயி... இருபத்தஞ்சு. பிப்ரவரி இருபத்திரெண்டு. நாப்பத்தேழு. மார்ச்சு இருபத்தாறு, எழுபத்து மூணு. ஏப்ரல் இருபத்து நாலு, தொண்ணூத்தேழு. மே இருபத்து மூணு, நூத்தி இருபது. ஜூன் இருபத்தஞ்சு. நூத்தி நாப்பத்தஞ்சா? ஆமா. ஜூலை இருபத்து நாலு, நூத்தி அறுபத்தொம்பது. ஆகஸ்டு இருபத்திரெண்டு, நூத்தித் தொண்ணூத்தொண்ணு. செப்டம்பரு...

இருங்க.

செப்டம்பர் இருபத்து நாலு. இருநூத்திப் பதினஞ்சு. இது மொத வருசம்தான? நான் ரெண்டு பக்கத்தச் சேத்துத் திருப்பிட்டனா? இல்லியே. மேல வருசம் போட்டுருக்கே, மொத வருசந்தான்.

என்ன கேட்டீங்க? பழைய எக்செலுல குறுக்க எத்தன கட்டமா? இருநூத்தி அம்பத்தாறு. அது எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். ஏ-ல ஆரம்பிச்சு ஐவி-ல முடியும், அதுக்கு மேல ஒரு கட்டம் கெடையாது. அதுக்கென்ன இப்ப? நாளா? ரெண்டு வருசத்துக்கு எழுநூத்தி முப்பது... 

நீங்க யாரு? அவ ஆளா? அவ அனுப்பி வந்து இங்க ஒக்காந்தீங்களா? இல்ல, சொல்லுங்க, ஃபேனுக்குக் கீழ ஒக்கார்ற மாதிரி வந்து...

நாந்தான் கூப்பிட்டேன். ஆமா. நாந்தான் இங்கிட்டு வாங்கனு கூப்பிட்டேன். 

பேனா இருந்தாக் குடுங்க. இருநூத்தி அம்பத்தாறுல டோக்கன், பேரு, செக்சன், மொத்தம், நாலு போச்சு. இருநூத்தி அம்பத்திரெண்டு. ஆகஸ்டு வரைக்கும் இருநூத்தி நாப்பத்து மூணு நாளு. மிச்சம் ஒம்பது. செப்டம்பர் ஒம்பது. செப்டம்பர்ல ஒம்பதாந்தேதி வரைக்கும் அவளுக்கு டிக்... ஒண்ணு, ரெண்டு, மூணு, இது லீவு, நாலு, அஞ்சு, ஆறு, இது வரல, ஏழு. நூத்தித் தொண்ணூத்தொண்ணும் ஏழும்.

நூத்தித் தொண்ணூத்தெட்டு.

சே! வலது பக்கம் கடைசி வரைக்கும் இழுத்தேன், இழுத்தேன்னு சொன்னேனே. சீட்டு முடிஞ்சு போச்சுன்னேனே. மேல என்ன தேதினு ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, தலையத் தூக்கிப் பாத்தா என்ன? அந்தப் பெட்டி பத்து வரி சொல்லுச்சு. அந்தம்மா கைப்பிள்ளையோட மூணு தடவ போன் போட்டுச்சு. இவ சன்னல்ல நின்னு கெஞ்சுனா. எல்லாத்தையும் படார் படார்னு சாத்திட்டேனே! இந்தா பாருங்க, இந்த நோட்டுல இன்னும் எவ்வளவு பக்கம் இருக்குனு. இவ்வளவும் அவ வந்த நாளு. பதினஞ்சு மாசத்துக்கு மேல. இவளுது மட்டுமா? நாப்பத்தாறு பேரு. தலையச் சொறிஞ்சுட்டுப் போனானுகளே, அத்தன பேரும் என் கையெழுத்த நம்பிப் போயிட்டானுக.

மேனேஜருக்குத் தெரியாமயா இருந்திருக்கும்? தெனமும் அந்த கேட்டு வழியாத்தான காரு போகுது. அதுக்கா கை குடுத்தான் அந்த ஆளு! வந்த கோவத்துக்கு இந்தப் பெஞ்சையே ஒடைக்கலாம். யாரப் பாத்துக் கோவப்படுறதுன்னுதான் தெரியல. எனக்கு இன்னும் நாலு வருசம் சர்வீசு இருக்கு அண்ணாச்சி. மகளுக்கு இன்னும் கல்யாணம் முடிக்கல. உள்ள போயி ரெண்டு வார்த்த சொன்னா சாயங்காலம் வீட்டுக்குப் போயிரலாம். இந்த நோட்டு ஒண்ணு இருக்குனு உங்களயும் என்னையும் தவிர எவனுக்கும் தெரியாது.

கூப்பிட்டாங்களா? என் பேரா? ஆமா, அழகர்ராஜ்ங்கிறான்.

கம்ப்யூட்டரு தப்புனு சொல்லிரலாம். ரெண்டு எக்செலு, ஒரே பொட்டி, சண்டைனு சொல்லிரலாம், நம்புவாங்க. ஆனா அந்தத் தொடரலாம்ங்கிற பட்டன எவன் அமுக்குனான்னு ஒரு கேள்வி வரும்ல. கேக்காம இருப்பாங்களா? கேக்கட்டும். கேட்டாத்தான் என்ன?

இந்தா வாரேன் சார், கத்தாதீங்க, காது கேக்குது! பையப் பாத்துக்கோங்க அண்ணாச்சி. நோட்டு வேண்டாம், நோட்டு எங்கிட்ட இருக்கட்டும்.

ஏ வேலுத்தாயி! என்ன முழிக்கிற? எந்திரி. இன்னும் சாப்பிடல, காலையில கேட்டியே, சாப்பிடலதான். அத அப்புறம் பேசுவோம். அந்தக் காலண்டர எடுத்துட்டு வந்திருக்கியா? எடு. உள்ள வா, எங்கூட வா. நான் இந்தப் பக்கம் எண்ணுறேன், நீ அந்தப் பக்கம் எண்ணு. ஒரு நாள் நான் விட்டாலும், அத்தன பேரு முன்னாடி சத்தமாச் சொல்லு.